வாய்க்கு லெந்து

மார்ச் 5, புதன்

இன்று லெந்து ஆரம்பம், நாற்பது நாள் தவக்காலம். ஈஸ்டர் வரை கறி இல்லை, மீன் இல்லை, புதுச்சேலை இல்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் பட்டினியும் இல்லை. "வேளைக்குச் சாப்பிடலேன்னா கோயில்லயே மயங்கி விழுந்துருவீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் உடம்பைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் உபவாசத்தில் கிறங்கிப் போயிருப்பார்கள்.

சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஐயரம்மாவிடம் இந்தக் குறையைச் சொன்னேன். எங்கள் சபைப் போதகரின் மனைவி; வயதில் சின்னவர், பதிலில் பெரியவர். "சாப்பாட்டத்தான் விடணும்னு இல்லம்மா. எது இல்லாம உங்களால முடியாதோ, அத விடுங்க" என்றார். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் என் வாயைப் பார்த்தார்கள். என் அண்ணன் பெண்டாட்டி ரோஸ்லின் மைனி சத்தமாகவே சிரித்தாள். ஊர்க்கதையில் எனக்குச் சரிபாதிப் பங்காளி அவள். சிரிக்க அவளுக்கு என்ன யோக்கியதை?

"அப்போ காபிய விட்டுர்றேன்" என்று சமாளித்தேன். எதை விடுகிறோம் என்பதை வெளியே பெருமையடிக்கக் கூடாது, ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும் என்றும் ஐயரம்மா சொல்லியிருந்தார். ஆகவே காபி ஊருக்கு. உள்ளபடிக்கு, இன்று முதல் என் வாய்க்கு லெந்து. சட்டம் இதுதான்: எதிரில் இல்லாத ஆளைப் பற்றி எதிரில் இருக்கிற ஆளிடம் பேசுவதில்லை. கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. நல்லது என்று ஏறினாலும் என் நாக்கு இறங்குகிற நிறுத்தம் வேறாக இருக்கும்.

எழுதுவது பேச்சில் சேராது. பேங்கில் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

உபவாசக் கூட்டம். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். ஒருத்திக்கு மகன் வேலை, ஒருத்திக்கு மருமகள் பிரசவம். எங்கள் அடுத்த வீட்டுச் சுகிர்தா, "எங்க ஹெப்சிக்கு இந்தச் சாயர்புரத்து வரனாவது கூடி வரணும்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை. வந்த வரன்கள் எல்லாம் காபி குடித்துவிட்டுப் போனவைதான்.

என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். "மூட்டுவலி" என்று வந்தது.

எனக்கு மூட்டுவலி கிடையாது.

"எந்த மூட்டும்மா?" என்று கேட்டார் ஐயரம்மா. வலது என்றேன். உருகி உருகி ஜெபித்தார்கள். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள். அப்புறம் நொண்டாமல் எப்படி வீட்டுக்கு வருவது?

மார்ச் 9, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் ஜெமிமா கூப்பிட்டாள். அங்கேயும் வெயிலாம். போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஒடிந்த கை இப்போது பரவாயில்லையாம். மருமகன் வெளியூரில். இவர்கள், அதாவது என் வீட்டுக்காரர், போனை வாங்கி "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எந்த முருங்கை மரம் தண்ணீர் கேட்டது?

கோயில் வாசலில் ரோஸ்லின் மைனி பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஜெமி ஈஸ்டருக்கு வாராளா? மாப்பிள்ளையும் வாராரா? மூஞ்சியப் பாத்தே எம்புட்டு நாளாச்சு!"

முன்பென்றால் பாடகர் குழுவில் நடக்கிற சண்டையை எடுத்து மைனியின் மடியில் போட்டிருப்பேன். கேள்வி அங்கேயே செத்திருக்கும். இன்று கையில் ஒன்றும் இல்லை. "பார்ப்போம் மைனி" என்றேன். வெறும் வாயை மென்றுகொண்டே செருப்பைத் தேடினேன். பட்டினி கிடக்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல.

மார்ச் 12, புதன்

பேசாமல் இருப்பது இவ்வளவு அசதி என்று யாரும் சொல்லவில்லை. மிளகாய் வற்றல் காயப்போட்டேன். எடுத்தேன். ஹாலில் ஜெமியின் கல்யாண போட்டோவைத் துடைத்தேன். படுத்தேன்.

மார்ச் 17, திங்கள்

இவர்களுக்குக் கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. சொட்டு மருந்து விட எனக்குக் கை நடுங்குகிறது. இவர்களோ சரித்திர வாத்தியார். முப்பது வருடம் பானிப்பட்டுப் போரை நடத்தியவர்கள், ஒரு சொட்டு மருந்துக்குக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும் வழியில் ஹெப்சிதான் வந்து விட்டுப் போகிறாள். முதலில் ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டுப் பார்ப்பாள், பிரிட்ஜில் வைத்த குளிர்ச்சி போய்விட்டதா என்று.

"மாமா, மேல பாருங்க. மேலன்னா மேல. தலைக்கு மேல சுத்துற காத்தாடியப் பாருங்க."

வேலை முடிந்ததும் அடுக்களைக்கு வந்தாள். "அத்தை, அவுங்ககிட்டப் பேசிப் பாத்தேன்" என்றாள். சாயர்புரத்துப் பையனைத்தான் சொல்கிறாள். "எப்படி?" என்றேன். எதிரில் இருக்கிற ஆளிடம் அவள் காரியத்தையே பேசலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.

"சிரிச்சா அவுங்களுக்குக் கண்ணு ரெண்டும் மூடிக்கிடுது அத்தை" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தாள். ஒரு செம்புத் தண்ணீர்.

மார்ச் 22, சனி

இன்று எனக்குப் பெரிய பரீட்சை. ஜெயித்தேன்.

பதினொரு மணி வெயிலில் குடையோடு ஒரு அம்மா வந்தார். தையற்காரி வீட்டைத் தேடுகிறாராம். சுகிர்தா சொல்லியிருந்த சாயர்புரத்து லில்லி டீச்சர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது, பையனின் தாயார். பெண் எடுக்கப் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வரும்போது தையற்காரியைத்தான் தேடுவார்கள், இல்லையென்றால் வாடகை வீட்டைத் தேடுவார்கள். உட்காரச் சொன்னேன்.

"அடுத்த வீட்ல யாரு?"

"சுகிர்தா."

"பிள்ளை ஒண்ணு நர்சா இருக்காமே. எப்படி?"

நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாளையங்கோட்டைல ஒரு பிள்ளையப் பத்தித் தெரியணும்னா நேரா பியூலாம்மாட்டப் போங்கன்னு எங்க பக்கத்துல சொன்னாங்க. நீங்க சொன்னாச் சரிதான்."

இப்படி ஒரு மரியாதை எனக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை. நாக்கு பல்லை முட்டியது. ஹெப்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவு இருக்கிறது! ஆனால் நல்லதும் இல்லை என்பது சட்டம். லெந்து என்று காரணம் சொல்லலாமா? அதையும் சொல்லக் கூடாதே. கடைசியில், "அந்தப் பிள்ளையப் பத்தி நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மோர் எடுக்க எழுந்துவிட்டேன்.

மோரை டீச்சர் பாதிதான் குடித்தார். தையற்காரி வீட்டுக்கு வழி சொன்னேன். அந்தப் பக்கம் போகவில்லை. வெயில் தாங்கவில்லை போல.

ஆண்டவரே, பார்த்தீரா? பியூலா வாயை மூடினாள்.

மார்ச் 28, வெள்ளி

உபவாசக் கூட்டத்தில் ஒரு பிசகு. ஞாபகமில்லாமல் இடது காலை நொண்டிவிட்டேன். "போன வாரம் வலதுல்லா?" என்று ஒருத்தி கேட்டாள். "பரவிருச்சு" என்றேன். இரண்டு மூட்டுக்கும் ஜெபித்தார்கள். சுகிர்தா வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஹெப்சி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "மாமா, மேல பாருங்க" என்றாள். காத்தாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "அவுங்க வீட்ல வேண்டாம்னுட்டாங்க அத்தை" என்றாள்.

"ஏன்?"

"காரணம் சொல்லல. அவுங்க போனும் எடுக்க மாட்டேங்காங்க."

ஏப்ரல் 4, வெள்ளி

கூட்டத்துக்குப் போகவில்லை. ரோஸ்லின் மைனி வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் கதவைச் சாத்தினால் விஷயம் பெரிது.

"ஏட்டி பியூலா, எங்கிட்டயாவது சொல்லு. அந்தப் பிள்ளைக்கு என்ன?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"நடிக்காத. லில்லி டீச்சர் சொல்லிட்டுத் திரியுதா. நீ வாயே திறக்கலையாம். சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு எந்திரிச்சுப் போயிட்டியாம். பியூலாவே வாயத் திறக்கலேன்னா அது எப்பேர்ப்பட்ட காரியமா இருக்கும்னு சாயர்புரமே பேசுது."

"ஒண்ணுமில்ல மைனி! தங்கமான பிள்ளை!"

"பாத்தியா, இப்பவும் மூடுத." மைனி குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரில ஒரு டாக்டராம்லா?"

டாக்டர் ஒரு கதை. வலிப்பு நோய் ஒரு கதை. சுகிர்தாவின் புருஷன் எப்படிச் செத்தார் என்று ஒரு கதை. நான் பேசாமல் விட்ட இடத்தில் ஊர் பேசிக்கொண்டது. நான் பேசியிருந்தால்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

மைனி போன பிறகு பார்த்தால், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. துடைக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காபியிலிருந்து மோர்வரை. கறுப்புக் கண்ணாடியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உபவாசம் நீ இருந்த. பட்டினி அவ கிடக்கா" என்றார்கள். அவ்வளவுதான். முப்பது வருடம் இவர்களிடம் படித்த பையன்கள் எப்படித்தான் பிழைத்தார்களோ.

லில்லி டீச்சருக்குப் போன் செய்தேன். "ஹெப்சி மாதிரி ஒரு பிள்ளை கிடைக்காது டீச்சர்" என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ஒண்ணுமில்லன்னீங்க. இன்னைக்குக் கிடைக்காதுங்கிறீங்க. சுகிர்தாம்மா பக்கத்துல நிக்காங்களா?"

"இல்ல டீச்சர். லெந்துக்கு நான் ஊர்ப்பேச்ச விட்டிருந்தேன்."

"காபிய விட்டீங்கன்னுல்லா கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். வலிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டை விடுகிறவர்களுக்காவது பசிக்கும். பசிக்கிற நேரத்தில் ஆண்டவரைக் கூப்பிடுவார்கள். நான் பேச்சை விட்டேன். காலியான இடத்தில் ஜெபத்தை வைத்தேனா? வீம்பைக் கொண்டு வைத்தேன். பார்த்தீரா, பார்த்தீரா என்று அவரிடமே மார்தட்டிக்கொண்டேன்.

இன்று ஜெபிக்க ஆரம்பித்தேன். யாரைப் பற்றியும் பேசக் கூடாதென்றால் மிச்சம் இருப்பது என் வீடுதான். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மூட்டுகூட வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு பெயர் வந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். டைரியில் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் எல்லாரும் ஓலையைப் பிடித்துக்கொண்டு பாடிப் போனார்கள். சுகிர்தாவும் ஹெப்சியும் கடைசியில் தனியாக வந்தார்கள். அவர்களுக்கும் முன்வரிசைக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடம் விட்டிருந்தது சபை. நான் பின்னால் போய் அவர்களோடு நடந்தேன். சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை. ஹெப்சி என் கையிலிருந்த ஓலையை நேராகப் பிடித்துவிட்டாள்.

சாயங்காலம் ஜெமி கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வெயிலா, வெயில். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

"என்னம்மா, இன்னைக்கும் யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க? உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு."

அந்தப் பக்கம் அழ ஆரம்பித்தாள். அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கு அவளுக்கு இடமே கொடுக்கவில்லையே என்று தோன்றியது.

மருமகன் வெளியூரில்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரண்டு பஸ் மாறிச் சாயர்புரம் போனேன். லில்லி டீச்சர் முற்றத்தில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் காலைத்தான் பார்த்தார்.

"மூட்டுவலின்னாங்க. எப்படி பஸ்ல வந்தீங்க?"

"மூட்டு நல்லாத்தான் இருக்கு டீச்சர். என்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்போ அதுவும் பொய்யா?"

"ஆமா. உக்காந்துக்கிடுதேன்."

உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று கோத்து வைத்திருந்தேன்; மாங்காய் வாசனையில் எல்லாம் போய்விட்டது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் அன்னைக்கு எதையோ மறைச்சேன்னு நெனைக்கீங்க. நான் மறைக்கிற விதம் அதில்ல டீச்சர். மறைக்கணும்னா நான் பேசுவேன். எம் மக ஜெமிமா ஒரு வருசமா பெங்களூர்ல ஹாஸ்டல்ல தனியா இருக்கா. மாப்பிள்ளை வெளியூர்ல இல்ல. கை நீட்டுற ஆளு. இவ கை ஒடிஞ்ச அன்னைக்கு வீட்ட விட்டு இறங்கிட்டா. எங்க ஊர்ல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. எப்படித் தெரியாம வச்சிருக்கேன்? எல்லார் வீட்டுக் கதையையும் நான் பேசிக்கிட்டே இருந்தா, எங்க வீட்டுக் கதையக் கேக்க எவளுக்கு நேரம் இருக்கு? ஹெப்சியப் பத்தி மறைக்க ஏதாவது இருந்திருந்தா, அன்னைக்கு உங்களுக்கு மோர் கிடைச்சிருக்காது. பொழுது சாயுற வரைக்கும் கதைதான் கிடைச்சிருக்கும்."

டீச்சரின் கத்தி நின்றது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"மக கல்யாணத்துக்கு நீங்க விசாரிக்கலையா?"

"விசாரிச்சோம். மாப்பிள்ளைக்கு அடுத்த வீட்டம்மா நல்லாச் சொன்னாங்க. ரொம்ப நேரம் சொன்னாங்க."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்துக் குடையை எடுத்தேன். ஒரு தட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டு வந்து வைத்தார். "சுகர் உள்ளவங்க. சாப்பிடுங்க" என்றார். சாப்பிடும்வரை மாங்காயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சொல்லுங்க. அந்தப் பிள்ளை எப்படி?" என்றார்.

சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். இடியாப்பத்தோடு எல்லாம் உள்ளே போயிற்று. ஒன்றுதான் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரங்க கண்ணுக்கு மருந்து விட வருவா. முதச் சொட்டத் தன் கையில விட்டுப் பாப்பா, குளுருதான்னு. வரன் ஒடிஞ்ச அன்னைக்கும் அப்படித்தான் விட்டுப் பாத்தா."

"வேற?"

"அவ்வளவுதான் டீச்சர்."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. அது முடிந்து ஹாலில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். பெண்கள் எல்லாம் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். ஐயரம்மா அடுத்த வாரத்துக்கு ஜெபக்குறிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மூட்டு எப்படி இருக்கும்மா?"

"மூட்ட எடுத்துருங்க. ரெண்டையும். அந்த இடத்துல ஜெமிமான்னு வச்சுக்கோங்க."

"ஜெமிமாவுக்கு என்ன?"

சொன்னேன். சாயர்புரத்தில் சொன்னதைவிடச் சுருக்கமாக. சொல்லிவிட்டுக் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தச் சபைக்கு ஆறு மாதத்துக்குப் போதுமான விஷயத்தை நடுவில் கொட்டிவிட்டேன். அள்ள வேண்டியதுதான் பாக்கி. எப்போது, எப்படி, யார், எதனால் என்று வரப்போகிற கேள்விகளை நானே மனதில் அடுக்கினேன். என் இடத்தில் நான் இருந்தால் என்னென்ன கேட்பேன் என்று எனக்குத்தானே தெரியும்.

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

சுகிர்தா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ரோஸ்லின் மைனி. அவள் வாய் இரண்டு தடவை திறந்தது. இரண்டு தடவையும் கரண்டியை உள்ளே விட்டு அடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். கடைசியில் மைனி சொன்னாள்:

"கஞ்சிக்கு உப்பு கூடிட்டு."

சரியாகத்தான் இருந்தது உப்பு.

ஏப்ரல் 19, சனி

காலையில் சுகிர்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை லில்லி டீச்சர் வீட்டார் நிச்சயம் பண்ண வருகிறார்களாம். சாயங்காலம் ஹெப்சி சொட்டு மருந்து விட்டாள். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டதற்கு ரொம்ப நேரம் சிரித்தாள்.

நான் ஜெமிக்குப் போன் செய்து, "வா" என்றேன். "எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றாள். "கேக்க ஒண்ணும் மிச்சமில்ல" என்றேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு நொண்டாமல் போய் வந்தேன். காலை ரயிலில் ஜெமி வந்துவிட்டாள். குளித்துவிட்டுப் படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஹாலில் கல்யாண போட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. இவர்கள் கழற்றியிருக்க வேண்டும். கறி வாசனைக்குப் பூனை வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளைக்குப் பிறகு காபி குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அசதியாக இருக்கிறது. நாளையிலிருந்து பால் ஒரு பாக்கெட் கூடுதலாகப் போடச் சொல்ல வேண்டும்.